அகூஸ்டிக் கிட்டாருக்குத் தனி ஆம்ப் வேண்டுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆம்பிலேயே (ஒலியைப் பெருக்கும் பெட்டியிலேயே) அகூஸ்டிக்கைச் செருகி வாசித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கலாம், ஆனால் ஓசை மூடிப்போய் வரும். அந்த ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். கம்பியில் நகம் படும் பளிச்சென்ற ஓசையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அகூஸ்டிக் ஆம்பில் தாழ்ந்த ஓசைக்கான வூஃபர் ஸ்பீக்கரோடு, உயர்ந்த ஓசைக்கான ட்வீட்டரும் வைப்பது இதற்காகத்தான். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி என்ற அகூஸ்டிக் ஆம்ப் 60 வாட். வீட்டுக்கும் சிறிய கூட்டத்துக்கும் அவ்வளவு தாராளம்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில் இருக்கட்டும். ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் குமிழ்) பூஜ்யத்தில் இருக்கட்டும், எதிரொலி எந்தக் குறையையும் மறைத்துவிடும். முதலில் ஆம்ப் இல்லாமல் ஒரு ஜி கார்டு அடித்து, ஓசை அடங்கும்வரை கேளுங்கள். அப்புறம் அதையே ஆம்பில். மரத்தின் குரல் போய்த் தகரம் தட்டுவதுபோல் கேட்டால் அந்த ஆம்ப் வேண்டாம்.

அடுத்து, மேடையில் வைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி, ஐந்தாவது கம்பியை மட்டும் மீட்டுங்கள். அது 110 ஹெர்ட்ஸ். பெரிய உடல் கொண்ட கிட்டார்கள் தாமாக அதிர்வதும் ஏறக்குறைய அங்கேதான், அதனால் 'ஊ'வென்ற ஊளை முதலில் அங்கே கிளம்பும். ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானையோ, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் நாட்ச் குமிழையோ தொட்டதும் அது அடங்குகிறதா என்று பாருங்கள். வாட் கணக்கைவிட நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பாடவும் செய்வீர்கள் என்றால் மைக்குக்குத் தனி சேனல் இருக்கட்டும்.