செடி வளரும் மீன்தொட்டி: கடைக்காரர் சொல்லும் தொகுப்பை வாங்கலாமா?

கேள்வி: உயிருள்ள செடிகளுடன் இரண்டடி மீன்தொட்டி ஒன்றை வீட்டில் அமைக்க விரும்புகிறேன். எங்கள் பகுதிக் கடைக்காரர் தொட்டி, ஃபில்டர், நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளிரும் எல்.இ.டி. விளக்கு, ஹீட்டர், ஏர் பம்ப், வண்ணக் கற்கள், செடிகள், பத்து மீன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்கு வந்து அன்றே தொட்டியை அமைத்து, மீன்களையும் விட்டுத் தருவாராம். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: விலை கூடுதலா குறைவா என்று பார்ப்பதற்கு முன், இதில் உங்களுக்குத் தேவைப்படாத பொருள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் அறையிலிருக்கும் தண்ணீர் வெப்பமண்டல மீன்களுக்குப் போதுமான சூட்டிலேயே இருப்பதால், ஹீட்டர் அநேகமாக அலமாரியில்தான் உறங்கும். கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் தண்ணீரைத் தணிக்கச் சிறு மின்விசிறிதான் வேண்டியிருக்கும். ஃபில்டரிலிருந்து விழும் நீர் மேற்பரப்பை அசைத்தாலே போதிய ஆக்சிஜன் கலந்துவிடும் என்பதால், ஏர் பம்பும் கட்டாயமில்லை. சாயம் பூசிய கற்களில் செடிக்கு உணவு எதுவும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாகக் கழுவிய நுண்சரளையை இரண்டங்குல உயரத்துக்குப் பரப்பி, வேரடியில் உர மாத்திரைகளைப் புதைப்பது மலிவானது. சரளையில் சில துளி வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

மிச்சமாகும் பணத்தை விளக்கில் போடுங்கள். நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த மலிவான விளக்குகள் மீனின் நிறத்தை எடுப்பாகக் காட்டுவதற்காக விற்கப்படுகின்றன. செடி வளர அந்த ஒளி போதுமா என்பது அவற்றின் பெட்டியைப் பார்த்துத் தெரிவதில்லை. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். எளிதில் வளரும் செடிகளுக்கு லிட்டருக்கு 20 லூமன் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 1,100 லூமன் வெண்ணிற ஒளி வேண்டும். லூமன் அளவு அச்சிடப்படாத விளக்கை வாங்காதீர்கள். அதையும் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டால், செடியைவிடப் பாசிதான் செழிக்கும்.

இந்தத் தொகுப்பில் எனக்கு முற்றிலும் உடன்பாடில்லாத அம்சம், முதல் நாளே மீன் விடுவது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதைவிடக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் விடப்படும் பத்து மீன்களில் பல செத்துப்போகலாம். மறுபடி மீன் வாங்க நீங்கள் அதே கடைக்குத்தான் போவீர்கள். ஆகவே மீனுக்கான தொகையைப் பட்டியலிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் சொட்டுமருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு நாலைந்து சிறு மீன்களுடன் தொடங்கலாம். தங்கமீனைத் தவிர்த்துவிடுங்கள், மென்மையான செடிகளைத் தின்றுவிடும்.

தண்ணீர், கண்ணாடி, சரளை எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும் என்பதால், தொட்டியை வைக்கும் மேசையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய செடிகளின் இலைகள் இரண்டே வாரத்தில் கரைந்துவிட்டன. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். புகார் செய்ய முடியுமா?

பதில்: அது எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. பண்ணைகளில் பல நீர்ச்செடிகளை இலைகள் காற்றில் இருக்கும்படியே வளர்க்கிறார்கள்; நீருக்குள் மூழ்கியதும் பழைய இலைகள் அழுகிப் புது இலைகள் வருவது இயல்பு. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்ட்டி, இடம் மாறினாலே இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மீண்டும் துளிர்க்கும். வேர் திடமாக இருந்தால் பிடுங்கி எறியாமல் ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

ஆனால் ‘லக்கி பேம்பூ’ என்ற டிரசீனா, ஹெமிகிராபிஸ் போன்ற தரைச்செடிகளை நீர்ச்செடி என்று சொல்லி விற்றிருந்தால் விஷயமே வேறு. முழுதும் மூழ்கினால் அவை நாளடைவில் அழுகியே தீரும். பொருளைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படவில்லையெனில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதே வகையில்தான் சேர்த்திருக்கிறது. செடியின் பெயரைக் குறிப்பிட்ட பில்லும், நட்ட நாளில் எடுத்த புகைப்படமும் இருந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. நானூறு ரூபாய்ச் செடிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அடுத்த முறை பில்லில் ‘நீர்ச்செடி’ என்று எழுதி வாங்குவது அதைவிடச் சுலபம்.

கேள்வி: போர்வெல் தண்ணீரை ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர் நல்லது என்கிறார்களே?

பதில்: ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், அதை மட்டுமே ஊற்றக் கூடாது. உங்கள் போர்வெல் தண்ணீர் குழாய்களில் வெள்ளைப் படிவம் விடும் அளவுக்குக் கடினமாக இருந்தால், இரண்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றிப் பாருங்கள். குடிநீர் வாரியத் தண்ணீராக இருந்தால், ஊற்றுவதற்கு முன் குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் படிகங்களைக் கரையுங்கள். மீன் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பொருள் அது.