களிமண் நிலத்தில் வெட்டிவேர் போடலாமா? ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வரும் என்கிறார்களே, உண்மையா?

ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிலம் சும்மா கிடக்கிறது, வேலைக்கு ஆள் இல்லை, தண்ணீரும் குறைவு, இதையாவது போடுவோமே என்று தோன்றியிருக்கும். எங்கள் வீட்டில் தலைமுறையாக வெட்டிவேர்தான். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கத்துக் கடலோர மணல். அந்த உரிமையில் சொல்கிறேன்: களிமண்ணில் வேரை விற்பதற்காகப் போடாதீர்கள்.

வளராது என்று சொல்லவில்லை. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், காய்ந்தாலும் தாங்கும். சிக்கல் பறிக்கும்போதுதான். எங்கள் மணலில் தாளை அறுத்துவிட்டு, தூரைச் சுற்றி வெட்டி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் முழுத் தூரும் கிளம்பி வரும். நாலு உதறு உதறினால் மணலெல்லாம் கொட்டிவிடும், கையில் வேர் மட்டும் நிற்கும். பறிக்கிற நாளில் தெருவே மணக்கும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் என் அத்தை மகனுக்கு நல்ல களிமண் வயல். "நாற்றும் நாங்களே தருவோம், வேரையும் நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நாற்றுக்குப் பணம் வாங்கும்வரை தினமும் போன். வேர் முற்றிய பிறகு இவர் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. ஜேசிபி வைத்துத் தோண்டினார். கட்டி கட்டியாக மண்ணோடு வந்தது, பாதி வேர் அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது. தொட்டியில் எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் தெளியவில்லை. பார்க்க வந்த வியாபாரி ஒரு பிடி வேரை எடுத்து முறுக்கினார், உள்ளங்கையில் மண் உதிர்ந்தது. "மண்ணுக்கு விலை போட முடியாதுங்க" என்று பாதி விலைக்குக் கேட்டார். வந்த பணம் கூலிக்கே போதவில்லை.

'நான் களிமண்ணில் போட்டு லாபம் எடுத்தேன்' என்று கீழே யாராவது எழுதக்கூடும். எடுத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. வீட்டு ஆட்களே இறங்கிப் பறித்தார்களா, கூலி கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நடுவது சுலபம். பழைய தூரைப் பிரித்து, மேலே ஒரு சாண் தாளும் கீழே கொஞ்சம் வேரும் விட்டு நறுக்கி, மழைக்கு முன்னால் ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றுங்கள். வெயில் நன்றாக விழ வேண்டும், நிழலில் தேறாது. முதல் இரண்டு மாதம் களை எடுத்தால் போதும், பிறகு அதுவே மூடிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு மேல் வேர் தயார். எண்ணெய்க்கென்றால் லக்னோவில் உள்ள சீமாப் (மத்திய அரசின் மூலிகை, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம்) வெளியிட்ட தாரிணி, குலாபி, கேசரி ரகங்களை விசாரியுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் 'புல் பரவிவிடும்' என்று சண்டைக்கு வந்தால், இது அருகு மாதிரி கொடி ஓடாது, நாம் நடுகிற தென்னிந்திய ரகம் விதையிலும் முளைக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

உங்கள் நிலத்தில் வெட்டிவேருக்குச் சரியான இடம் வரப்புதான். அரை அடிக்கு ஒரு நாற்றாக வரிசையாக நட்டுவிடுங்கள், பறிக்கவே வேண்டாம். வேர் பத்தடி ஆழம்வரை இறங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் தாத்தா வைத்த முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன, வெட்டிவேர் வரப்பு கரையாமல் நின்றது. சேதக் கணக்கு எடுக்க வந்தவர் ரோட்டோரத்து மரங்களை எண்ணிவிட்டு, உள்ளே வராமலே வண்டியைத் திருப்பினார். அப்பா மனுவோடு எத்தனை தடவை நடந்திருப்பார்! முந்திரி காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவரையாவது அனுப்பியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வேர்தான் வேண்டும் என்றால் சிமெண்ட் சாக்கில் மணலும் மக்கிய எருவும் நிரப்பி, சாக்குக்கு ஒரு நாற்று வைத்து வளருங்கள். முற்றியதும் சாக்கைக் கிழித்தால் வேர் அறுபடாமல் வரும். அதற்கும் முன்னால் உங்கள் ஊர் நாட்டுமருந்துக் கடையில், கிலோ என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். நாற்று விற்பவரிடம் கேட்காதீர்கள்.