பம்பிங் 30 வீதம்தான். அவசர அப்லேஷனை இதயம் தாங்குமா?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. முன்பு ஹார்ட் அட்டாக் வந்தது, சீனி வருத்தமும் இருக்கிறது. துடிப்புக் குழம்பினால் ஷொக் கொடுக்க நெஞ்சில் வைத்த ஐசிடி கருவி ஒரே நாளில் நான்கு தடவை ஷொக் அடித்ததால் யாழ் போதனா வைத்தியசாலையில் இருக்கிறார். கொழும்புக்கு அனுப்பி அவசரமாக அப்லேஷன் செய்ய வேண்டுமாம். எக்கோவில் பம்பிங் 30 வீதம். தாங்குவாரா?"

உங்கள் பயம் நியாயமானது. அப்லேஷன் என்பது இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, துடிப்பைக் குழப்பும் தழும்பைச் சுடுவது. பம்பிங் 30 வீதம் என்றால், இடது கீழறை ஒவ்வொரு அடிப்பிலும் தன்னிலுள்ள இரத்தத்தில் 30 வீதத்தையே வெளியே தள்ளுகிறது. ஆனால் அந்த 30-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இந்தச் சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தம் சரியும் ஆபத்தைக் கணிக்க, 'பெயினெஸ்டி' என்றொரு புள்ளிமுறை உண்டு. 60 வயதுக்கு மேல் என்பதற்கு 3, அட்டாக்கால் பலவீனமான இதயத்துக்கு 6, நீரிழிவுக்கு 3, 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ துடிப்புக் குழம்பும் 'மின்புயலுக்கு' 5. அப்பாவுக்கு இப்போதே 17. 15-ஐத் தொட்டாலே அதிக ஆபத்துப் பிரிவுதான். இத்தனைக்கும் 30 வீதப் பம்பிங்குக்கு இதில் ஒரு புள்ளிகூட இல்லை. 25-க்குக் கீழே போனால்தான் 3. கொஞ்சத் தூரம் நடக்கவே மூச்சு இளைக்கிறது என்றால் இன்னும் 6, சுருட்டுப் புகையால் சுவாசப்பை கெட்டிருந்தால் 5. அதனால் கடந்த மாதம் அவர் எப்படி நடந்தார், எத்தனை தலையணை வைத்துப் படுத்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

எக்கோ எப்போது எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். அடுத்தடுத்து ஷொக் வாங்கிய இதயம் சில மணி நேரம் சோர்ந்தே அடிக்கும். துடிப்பு அடங்கியபின் எடுத்தால் எண் கூடலாம். பழைய ரிப்போர்ட்டுடன் ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும். இடது கீழறைக்குள் இரத்தக் கட்டி இருக்கிறதா என்பதும் முக்கியம், கம்பி பட்டு அது நகர்ந்தால் பக்கவாதம் வரலாம். வலது பக்க இதயத்தையும் சிறுநீரகத்தையும் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அப்லேஷன் கம்பியின் நுனியைக் குளிர்விக்க சேலைன் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் உடலில் சேரும் அந்த நீரை இவை இரண்டும்தான் சமாளிக்க வேண்டும். கால் வீக்கம் இருந்தால் முதலில் நீரை இறக்குவார்கள்.

அதிக ஆபத்து என்றால் செய்யக்கூடாது என்று அர்த்தமல்ல. மருந்துக்கு அடங்காத புயலில் காத்திருப்பதே பெரிய ஆபத்தாகிவிடலாம். குழப்பமான துடிப்பைத் தூண்டாமலே தழும்பைத் தேடிச் சுடும் முறை, மயக்க மருந்தின் அளவு, இதயத்துக்குத் துணைநிற்கும் பம்பைத் தயாராக வைப்பது என்று பலதை முன்கூட்டியே திட்டமிட இந்தக் கணிப்பு உதவுகிறது. "அழுத்தம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் பயணம். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அம்புலன்சில் மொனிட்டரும், வெளியிலிருந்து ஷொக் கொடுக்கும் டிபிபிரிலேட்டரும், அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் வருவதை உறுதிப்படுத்துங்கள். கிளினிக் கொப்பி, மருந்துப் பட்டியல், ஐசிடி அட்டை மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.