மடிப்பு ஏன் வெடிக்கிறது? காகிதக் கைவினை: வாசகர் கேள்வி – பதில்

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வாழ்த்து அட்டையைக் கையாலேயே செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கலர் அட்டையை கார்டாக மடித்தால் மடிப்பு ஓரம் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. விலை கூடின அட்டை வாங்கியும் அப்படித்தான். என்ன தப்பு செய்கிறேன்?
– வாசகி, ஈரோடு

அட்டையைக் குறை சொல்லாதீர்கள், மடிக்கும் திசையைப் பாருங்கள். மில்லில் காகிதம் ஓடும்போது கூழில் இருக்கும் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் பக்கமாகவே படுத்துவிடும். அச்சகத்தில் இதை கிரெய்ன் என்பார்கள். கோரைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரை ஓடும் போக்கிலேயே மடிப்பு விழுந்தால் பாய் சுகமாகச் சுருளும். கோரைக்குக் குறுக்கே மடித்தால் கோரை முறியும். உங்கள் அட்டையில் முறிவது நார்.

திசையைக் கண்டுபிடிக்க, அட்டையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நாரின் திசை. மெல்லிய தாளானால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள். தாள் குழலாகச் சுருளும். குழலின் நீளம் எந்தப் பக்கமோ நாரும் அந்தப் பக்கம்.

கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் நார் பெரும்பாலும் 297 மி.மீ. நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்து ஏ5 கார்டு செய்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? அதே ஏ4 அட்டையை அகலவாக்கில் வெட்டி, 148 × 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் 105 × 148 ஆக மடித்தால் மடிப்புக்கோடு நாரோடு சேர்ந்தே ஓடும். ஏ4 தாளை நீளவாக்கில் வெட்டி, 105 × 297 துண்டை மடித்தாலும் இதே அளவு கார்டுதான் வரும். ஆனால் மடிப்பு மறுபடி குறுக்கே போய்விடும். அளவு ஒன்றாக இருப்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது, கோடு அழுத்தாமல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாண்டிய எந்த அட்டையையும் மடிக்காதீர்கள். பழைய வார இதழ் ஒன்றின் மேல் அட்டையை வைத்து, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவாலோ குரோஷே ஊசியின் முனையாலோ இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் அழுத்தினால் தாள் கிழியும். அழுத்திய பள்ளம் கார்டின் வெளிப்பக்கம் வரவேண்டும், பின்னால் புடைத்த வரப்பு உள்பக்கம் போகவேண்டும். பள்ளம் இருக்கும் பக்கமாக உள்நோக்கி மடிப்பதுதான் நமக்குக் கைவழக்கம். அது தலைகீழ். கடைசியில் மடிப்பின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். தாள் வைக்காமல் தேய்த்தால் அட்டையில் பளபளவென்று தடம் விழும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வெள்ளை எட்டிப் பார்த்தால், அது மேற்பரப்பில் மட்டும் வண்ணம் ஏற்றிய அட்டை. கூழிலேயே சாயம் கலந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

ஃபெவிகால் போட்டு ஒட்டினால் மேல்தாள் அலை அலையாகப் புடைக்கிறது. தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவியும் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
– வாசகர், நாகர்கோவில்

தண்ணீர் கலந்ததுதான் காரியத்தைக் கெடுத்தது. வெள்ளைப் பசையில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. நார் தண்ணீர் குடித்தால் நீளத்தில் அதிகம் மாறாது, பருமனில் உப்பும். அதனால் தாள் நாருக்குக் குறுக்குவாக்கில் விரிகிறது. பசை பட்ட இடம் விரிந்து, படாத இடம் அப்படியே இருந்தால் அலை விழாமல் போகாது.

பசையைப் புட்டியிலிருந்து நேராகத் தாளில் பிதுக்காதீர்கள். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் தொட்டு, மேல்தாளின் பின்பக்கத்தில் வழித்துவிடுங்கள். வழித்த பிறகு பசை வெள்ளையாகத் தெரியக்கூடாது, ஈரப் பளபளப்பு மட்டும் தெரிந்தால் போதும். ஒட்டியதும் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். ஃபேனுக்கு அடியில் காயவைப்பது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து கார்டு அப்பளமாக வளையும். மேல்தாளும் அடிஅட்டையும் ஒரே நார்த் திசையில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இரண்டும் சேர்ந்து விரிந்து, சேர்ந்து சுருங்கும்.

80 ஜி.எஸ்.எம். அச்சுத் தாள், டிஷ்யூ, போட்டோ மாதிரியானவற்றுக்கு ஈரப் பசையே வேண்டாம், டபுள் சைட் டேப் போதும். நான்கு ஓரமும் ஒட்டி, நடுவில் ஒரு பெருக்கல் குறி. ஒன்று கவனியுங்கள்: டேப்பில் ஒட்டியதை நகர்த்த முடியாது. ஒரு மூலையில் மட்டும் டேப்பின் மேல்தாளை உரித்து, இடம் சரிபார்த்து, பிறகு மற்றதை உருவுங்கள்.

ரப்பர் சொல்யூஷன் அலை விழாமல் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் நாள்பட மஞ்சள் கறை மேலே வரும். வாழ்த்து அட்டையைப் பத்து வருஷம் பெட்டியில் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் பூ வைத்த கார்டைத் தபாலில் அனுப்பினால் நசுங்கியே போய்ச் சேருகிறது. சில சமயம் கூடுதல் கட்டணம் வேறு கேட்கிறார்களாம்.
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் எடைக் கணக்கு. ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 300 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை ஒன்று 18.75 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம் வரைதான், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் கட்டணம் ஏறும். ஏ4 தாளை மடித்த கார்டு உறைக்குள் போகும்போதே எல்லையைத் தாண்டிவிடுகிறது. பூ, முத்து எல்லாம் அதற்கும் மேலே. பாதி ஏ4 தாளில் செய்த 105 × 148 கார்டு 9.4 கிராம். உறைக்கு நான்கைந்து கிராம் போனாலும் அலங்காரத்துக்கு ஐந்து கிராம் மிச்சம் இருக்கும். சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே நிறுத்துப் பாருங்கள்.

நசுங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கட்டுக்கட்டாக அடுக்கும்போது விழும் பாரம். இன்னொன்று, தபால்தலை மேல் விழும் தேதி முத்திரை. அந்த அடி உறையின் வலது மேல் மூலையில் விழும். கார்டின் அந்த மூலையில் சுருள் எதுவும் வேண்டாம். பாரத்தைத் தாங்க, அட்டைப்பெட்டியின் நெளிவட்டையில் (நடுவில் நெளிநெளியான தாள் வைத்த அட்டை) ஜன்னல் சட்டம் மாதிரி ஒன்று வெட்டி, பூவைச் சுற்றி வையுங்கள். மூன்று அடுக்கு நெளிவட்டை ஏறக்குறைய 3 மி.மீ. கனம், உங்கள் சுருளும் 3 மி.மீ. பட்டையில் செய்ததானால் உயரம் பொருந்திவிடும். பாரம் சட்டத்தின் மேல் இறங்கும். 5 மி.மீ. பட்டையில் செய்த பூவுக்குச் சட்டத்தை இரண்டு அடுக்காக ஒட்டவேண்டும். அப்போது எடையும் கனமும் கூடிவிடும், பெட்டியில் வைத்துப் பார்சலாக அனுப்புவதே மேல்.

105 × 148 கார்டு அளவுக்கு உறை கடையில் கிடைப்பதில்லை. வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள்.
– வாசகர், திண்டுக்கல்

105 × 148 கார்டுக்குப் பொருந்தும் ஆயத்த உறையின் பெயர் சி6, அளவு 114 × 162 மி.மீ. பெரிய ஸ்டேஷனரிக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் செய்ய ஒரு ஏ4 தாள் போதும், 100 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது. அதில் 210 × 210 சதுரம் வெட்டி, மூலை மேலே வருமாறு வைரம்போலத் திருப்பி வையுங்கள். நடுவில் 110 × 153 மி.மீ. செவ்வகம் வரைந்து, நான்கு கோட்டிலும் அழுத்தி மடியுங்கள். செவ்வகத்தின் ஒவ்வொரு மூலைக்கும் வெளியே சின்ன முக்கோணம் ஒன்று மிஞ்சும். அதை வெட்டி எடுக்காவிட்டால் மூலைகள் கசங்கும். இடது வலது மடல்களை உள்ளே மடித்து, கீழ் மடலின் இரண்டு சரிவான ஓரங்களில் மட்டும் பசை தொட்டு ஒட்டுங்கள். பசை உள்ளே கசிந்தால் உறையோடு கார்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் காயும்வரை உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வையுங்கள்.

மிஞ்சும் 87 மி.மீ. பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், உறையின் உள்பக்க அலங்காரத்துக்கு ஆகும்.

திறந்தால் படம் எழும்பி நிற்கும் பாப்-அப் கார்டை மூடினால் உள்ளே இருக்கும் கேக் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
– பிளஸ் ஒன் மாணவி, காரைக்குடி

மடிப்பிலிருந்து இரண்டு இணை வெட்டு போட்டு, நடுப்பகுதியை உள்ளே தள்ளி, அந்தப் படியின் முன்முகத்தில் கேக் படத்தை ஒட்டியிருப்பீர்கள். கார்டை மூடும்போது அந்தப் படம் அதே இடத்தில் படுக்காது, மடிப்பிலிருந்து வெட்டின் நீளம் அளவுக்கு முன்னே தள்ளிப் படுக்கும். அதனால் வெட்டின் நீளத்தையும் படத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். அது மடிப்பிலிருந்து கார்டின் ஓரம் வரை உள்ள அளவைவிடக் குறைந்தது 5 மி.மீ. கம்மியாக இருக்கவேண்டும். ஓரம் வரை 105 மி.மீ. உள்ள கார்டில் 30 மி.மீ. வெட்டு போட்டால் படம் 70 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. மெழுகுவர்த்திச் சுடரையும் சேர்த்து அளக்கவும், நீட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அதுதான்.

வெட்டு இரண்டும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் படி கோணலாக எழும்பும். பாப்-அப் தாளுக்கு 160 ஜி.எஸ்.எம். போதும். கடைசியில் இந்தத் தாளை வேறொரு கெட்டி அட்டைக்குள் ஒட்டவேண்டும். அப்போது எழும்பும் பகுதியின் பின்னால் மட்டும் பசை படக்கூடாது.

ஈர முத்திரை மேல் தூவிச் சூட்டில் உருக்கும் எம்பாசிங் பவுடர், ஹேர் டிரையரில் உருகுமா?
– வாசகி, கோவை

உருகாது, பறக்கும். டிரையரில் காற்று அதிகம், சூடு போதாது. ஹீட் கன்னில் நேர்மாறு. அது இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்து, தட்டுப்பக்கம் மேலே பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டின் பின்பக்கத்தை அதன் மேல் படாமல், இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். பவுடர் மினுங்கும் நொடியில் எடுத்துவிடவேண்டும். விட்டால் அது தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிடும். அலுவலக ஸ்டாம்ப் பேட் மை இதற்கு உதவாது, பவுடர் தூவுமுன் காய்ந்துவிடும். மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை வேண்டும். தேவையில்லாத இடத்தில் பவுடர் ஒட்டினால் காரணம் விரல் எண்ணெயும் காற்றின் ஈரமும்தான். முத்திரை குத்துமுன் டால்கம் பவுடரை லேசாக ஒற்றித் தட்டிவிடுங்கள்.

வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளையார் படம் போட்டிருப்பதால் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. கார்டு செய்ய உதவுமா?
– வாசகி, திருநெல்வேலி

தாராளமாக உதவும். 250, 300 ஜி.எஸ்.எம். அட்டையும் தங்கத் தகடு பதித்த வேலையும் இலவசமாகக் கிடைப்பது வேறெங்கே? ஒரே சிக்கல், பாதிக்கு மேல் லேமினேட் செய்தவை. மூலையைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தோல் இழுபட்டால் அதன் மேல் வெள்ளைப் பசை பிடிக்காது, காய்ந்ததும் பொருக்காக உரியும். டபுள் சைட் டேப்தான் வழி. படங்களைச் சுற்றி 2 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டுங்கள், படத்தை ஒட்டியே வெட்டினால் தகடு ஓரத்தில் உரியும். கட்டர் பிளேடின் முனையை இரண்டு மூன்று பத்திரிகைக்கு ஒரு தடவை ஒடித்துப் புதுசாக்கிக்கொள்ளுங்கள். லேமினேட் தோல் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

பத்திரிகையைவிட அதன் உறைதான் எங்களுக்குப் பிடித்தது. ஒட்டிய இடங்களைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டினால் பெயர், முகவரி இல்லாத வெற்று உறை. உள்ளே திறந்து பார்ப்பவருக்குத் தங்கப் பூ வேலை.