கணிதத்துக்காக நிரலாக்கம்: எதைக் கற்பது, நிரல் ஏன் திணறுகிறது?

கேள்வி: இளங்கலைக் கணிதம் படிக்கிறேன். எண் கோட்பாட்டுக் கணக்குகளை நிரல் எழுதித் தீர்க்க விரும்புகிறேன். ஒரு மொழியை முழுவதும் கற்ற பிறகுதான் கணக்குகளைத் தொட வேண்டுமா? நான் எழுதும் சிறிய நிரல்கள்கூட விடை தராமல் ஓடிக்கொண்டே இருப்பது ஏன்?

பதில்: முழுவதும் கற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு, பட்டியல், அகராதி (ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு மதிப்பை இணைத்துச் சேமிக்கும் அமைப்பு) ஆகியவை கைவந்துவிட்டால் தொடக்கநிலைக் கணக்குகளுக்குப் போதும். மொழி பைத்தானாக இருக்கட்டும். சி மொழியில் வழக்கமான முழு எண் மாறி 2,14,74,83,647 என்ற எல்லையோடு நின்றுவிடும். பைத்தானிலோ நினைவகம் இடங்கொடுக்கும்வரை முழு எண்கள் வளரும் என்பதால், 100இன் காரணீயப் பெருக்கத்தை அதன் 158 இலக்கங்களும் பிசகாமல் பெறலாம். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் பைத்தானையே கற்பிக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. ராமானுஜன் எண் எனப்படும் 1729ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி இருவேறு வழிகளில் பெறத்தக்க எண்களுள் இதுவே மிகச் சிறியது: 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 வரும். 1,00,000 வரை இத்தகைய எண்கள் எவை என்று தேட வேண்டுமெனில், தொடக்கநிலையில் பலரும் ஒவ்வோர் எண்ணாக எடுத்து, அதற்குப் பொருந்தும் இணை உண்டா என்று எல்லா இணைகளையும் சோதிப்பார்கள். 46இன் கனம் 97,336. 47இன் கனம் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே 1 முதல் 46 வரையிலான எண்களைக் கொண்டு 1,081 இணைகளே அமையும். ஆனால் அந்த 1,081 இணைகளையும் ஒரு லட்சம் முறை திரும்பத் திரும்பச் சோதிப்பதால் வேலை 10 கோடியைத் தாண்டுகிறது. நிரல் திணறுவது இதனால்தான். கணினியின் மீது பழியில்லை.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இணைகளை ஒரே ஒரு முறை உருவாக்கி, ஒவ்வொரு கூடுதலையும் அகராதியில் பதிந்து, அது எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொண்டே போனால் 1,081 படிகளில் வேலை முடிந்துவிடும். 1729, 4104, 13832 எனத் தொடங்கி 65728 வரை 10 எண்கள் கிடைக்கும். இந்த மாற்றத்தில் புதிய கட்டளை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாளில் யோசித்ததன் பலன்தான் அது.

இரண்டு இடங்களில் விடை சத்தமில்லாமல் பிழையாகும். பைத்தானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 16) என்பது 15உடன் நின்றுவிடும். 2, 16 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டி வரும் 4104 அப்போது தவறிப்போகும். மற்றொன்று கனமூலம். 64ஐ மூன்றில் ஒரு பங்கு அடுக்குக்கு உயர்த்தினால் 4 வராமல் 3.9999999999999996 வரும், அதை முழு எண்ணாக வெட்டினால் 3 ஆகிவிடும். ஆகவே அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி, அதன் கனத்தைக் கண்டு சரிபாருங்கள். முடிந்தவரை தசமங்களை நாடாமல் முழு எண்களிலேயே கணக்கிடுவது இன்னும் நல்லது.

கணித மாணவர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: நிரல் சோதித்த எல்லைக்குள் ஒரு கூற்று உண்மையாக இருப்பது நிரூபணமாகாது. n²+n+41 என்ற கோவை n=0 முதல் 39 வரை பகா எண்களையே தரும்; n=40 எனில் 1681, அதாவது 41இன் வர்க்கம்.

பயிற்சிக்கு, இரண்டு கனங்களின் கூடுதலாக மூன்று வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண்ணைத் தேடிப் பாருங்கள். 1957இல் கணிதவியலாளர் ஜான் லீச் கண்டறிந்த அந்த எண் 8,75,39,319. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேற்சொன்ன முறையில் 444 வரையிலான இணைகள், அதாவது 98,790 மட்டுமே தேவைப்படும்.