ஸ்கைரிம் மலைகளில் நம் வாசகர்கள்: கேள்வி–பதில்

'ஸ்கைரிம்' விளையாடிய அனுபவத்தை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் ஐந்தாம் பாகமாக 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட வீடியோ கேம் இது. பனி மூடிய மலைநாடு ஒன்றில் தலை வெட்டப்படவிருந்த கைதியாகத் தொடங்கி, டிராகன்களின் ஆன்மாவை உள்வாங்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்று அறிந்துகொள்ளும் ஒருவராக அந்த நாடு முழுவதும் நம் விருப்பப்படி அலையலாம். கதையின் சில முடிச்சுகள் கீழே உள்ள பதில்களில் அவிழ்கின்றன என்பதைப் புதியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: எல்லாரும் இந்த உலகின் அழகைப் புகழ்கிறார்கள். எனக்கோ ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவதைப் போலத்தான் இருக்கிறது. ஒரு குகையிலிருந்து வெளியே வந்தவுடன் அது எங்கே இருந்தது என்பதே மறந்துவிடுகிறது. நான் எதையோ தவறவிடுகிறேனா? (வாசகர், மதுரை)

தவறவிடுகிறீர்கள், ஆனால் அதற்குப் பெரும்பங்கு காரணம் விளையாட்டின் வடிவமைப்பே. திரையின் மேற்பகுதியில் ஒரு காம்பஸ் பட்டை இருக்கிறது. நாம் ஏற்றுக்கொண்ட குவெஸ்ட் (விளையாட்டில் தரப்படும் பணி) எந்தத் திசையில் முடியும் என்பதை ஓர் அம்புக்குறி அதில் எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கிறது. தேட வேண்டிய மனிதரை நெருங்கினால் அவர் தலைக்கு மேலும் அம்பு நிற்கிறது. கண் அந்த அம்பைப் பிடித்துக்கொண்ட பிறகு, வழியில் உள்ள ஆறும் பாலமும் இடிந்த கோபுரமும் வெறும் தடைகளாகிவிடுகின்றன.

இதே வரிசையில் 2002-இல் வந்த 'மோரோவிண்ட்' விளையாட்டில் அந்த அம்பு கிடையாது. அங்கே வழியை மனிதர்கள் வாயால் சொல்கிறார்கள். ஆர்க்ங்தாண்ட் என்ற பழைய இடிபாட்டுக்கு உங்களை அனுப்புபவர், எந்தக் கோட்டையைக் கடக்க வேண்டும், எரிமலைச் சாம்பல் படிந்த பள்ளத்தாக்கின் மேல் உள்ள எந்தப் பழைய பாலத்தில் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். அவர் சொன்னது நாட்குறிப்பில் எழுதப்படுகிறது. அதைப் படித்துப் படித்துத்தான் நடக்க வேண்டும். அங்கே சேர்ந்த பிறகும் கதவு திறக்காது. அருகில் உள்ள ஒரு குழாயில் பொருத்தப்பட்ட கைப்பிடியைச் சுழற்றினால்தான் அது திறக்கும். உள்ளே தேடிச் சென்ற பெட்டியோ ஓர் அலமாரியில் கண்ணில் படாமல் இருக்கும் மிகச் சிறிய பொருள். பலர் அந்த இடத்தில் சலித்துப் போய் விளையாட்டையே விட்டிருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தைத் தாமே கண்டுபிடித்தவர்கள் அதை எத்தனை ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை.

ஸ்கைரிமைப் படைத்தவர்களுக்கும் இந்தக் கலை நன்றாகவே தெரியும். தொடக்கத்தில் ஹெல்கன் ஊரிலிருந்து தப்பி ரிவர்வுட் கிராமத்துக்கு நடக்கும்போது, உடன் வரும் ஹாட்வார் மலைமேல் உள்ள பிளீக் ஃபால்ஸ் பேரோ என்ற பழங்காலக் கல்லறையைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். கிராமத்துக் கடைக்காரரின் தங்கை கமில்லா, பாலம் வரை நம்மோடு நடந்து வந்து மலைப்பாதை எது என்று காட்டுகிறார். அந்தக் கல்லறையின் உள்ளே உள்ள சுழல் வளையக் கதவுக்கான விடை, நம் பையில் உள்ள 'தங்க நகம்' என்ற, நகங்கள் கொண்ட பாத வடிவப் பொருளின் உள்ளங்கைப் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். இந்த முதல் ஒரு மணி நேரத்தில் விளையாட்டு நம்மைப் பார்க்கவும் கேட்கவும் பழக்குகிறது. அதன் பிறகு அம்பு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் என் வருத்தம்.

எனவே ஒன்று செய்து பாருங்கள். குவெஸ்ட் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தேர்வு நீக்கிவிட்டால் அம்பு மறைந்துவிடும். பிறகு வைட்ரன் நகரத்து வாசலிலிருந்து கிழக்கே, விண்ட்ஹெல்ம் நகரத்தை நோக்கிச் சாலை வழியாக நடந்து செல்லுங்கள். சாலை பிரியும் இடங்களில் ஊர்ப்பெயர் எழுதிய மரப்பலகைகள் இருக்கின்றன. இவ்வளவு நாளும் நீங்கள் அவற்றைப் படித்திருக்க மாட்டீர்கள். வரைபடத்தில் தொட்டு ஒரே நொடியில் தாவும் வசதியைத் தள்ளிவைத்து, தொலைவு அதிகம் என்று தோன்றினால் பெருநகரங்களின் குதிரை லாயங்களுக்கு அருகில் நிற்கும் வண்டிக்காரரிடம் காசு கொடுத்துப் பயணம் செய்யுங்கள். உண்மையிலேயே வழி தவறினால், பாதையைத் தரையில் ஒளிக்கோடாகக் காட்டும் கிளேர்வாயன்ஸ் என்ற எளிய மந்திரம் விளையாட்டிலேயே இருக்கிறது. அது மாயஉலகத்துக்குள் உள்ள உதவி என்பதால் அம்பைவிட எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அம்பு இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட குவெஸ்ட்டுகள் பலவற்றில், பொருள் எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை, நாட்குறிப்பிலும் இருக்காது. அத்தகைய இடங்களில் மட்டும் அம்பைத் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்நாட்டுப் போரில் யார் பக்கம் சேர்வது நியாயம்? நானும் என் தம்பியும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடிகிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

இருவரிடமும் நியாயம் இருப்பதால்தான் சண்டை ஓயவில்லை. ஸ்கைரிம் நாட்டை ஆளும் பேரரசு, உயர் எல்ஃப்களின் தால்மோர் ஆட்சியோடு நடந்த பெரும்போரில் சோர்ந்துபோய், டாலோஸ் வழிபாட்டைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அது தன் மக்களின் தெய்வத்தைக் காட்டிக்கொடுத்த செயல் என்று விண்ட்ஹெல்ம் நகரத் தலைவர் உல்ஃப்ரிக் கிளர்ந்தெழுகிறார். விளையாட்டின் முதல் காட்சியிலேயே, பட்டியலில் பெயர் இல்லாத நம்மைப் பேரரசின் அதிகாரி வெட்டுமேடைக்கு அனுப்புகிறார். அதைப் பார்த்தவர்கள் உல்ஃப்ரிக் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

ஆனால் அவருடைய விண்ட்ஹெல்ம் நகருக்குள் நடந்து பாருங்கள். மோரோவிண்ட் நாட்டில் எரிமலை வெடித்தபோது அகதிகளாக வந்த கருநிற எல்ஃப்களின் வழித்தோன்றல்கள், நகரத்தின் மிக மோசமான ஒரு மூலையில் வாழ்கிறார்கள். பல்லி உருவம் கொண்ட ஆர்கோனியன் இனத்தவர் மதிலுக்கு வெளியே துறைமுகத்தில் தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்களின் நிலையை மாற்ற உல்ஃப்ரிக் எதுவும் செய்யவில்லை.

உங்கள் இருவருக்கும் நான் தரும் முக்கியச் சான்று தால்மோர் தூதரகத்தில் இருக்கிறது. முதன்மைக் கதையில் அந்த மாளிகைக்குள் நுழையும்போது உல்ஃப்ரிக்கைப் பற்றிய ஓர் இரகசியக் கோப்பு கிடைக்கும். பெரும்போரில் அவர் தால்மோரிடம் சிறைப்பட்டிருந்தார் என்பதும், தலைநகர் வீழ்ந்ததற்குத் தாம் வாய்திறந்ததே காரணம் என்று அவர் நம்பும்படி செய்யப்பட்டார் என்பதும், உண்மையில் அவர் உடைவதற்கு முன்பே நகரம் வீழ்ந்துவிட்டது என்பதும் அதில் எழுதப்பட்டுள்ளன. தால்மோருக்கு வேண்டியது உல்ஃப்ரிக்கின் வெற்றியும் அன்று. போர் முடியாமல் நீண்டுகொண்டே இருக்க வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். ஒரு மனிதரின் குற்றவுணர்வை வளர்த்து அவருடைய நாட்டையே இரண்டாகப் பிளந்த கொடுமையை, எந்த வீரவசனமும் இல்லாமல் இரண்டு பக்கக் கோப்பில் சொல்லியிருப்பது இந்த விளையாட்டின் மிகச் சிறந்த எழுத்து என்று நான் கருதுகிறேன். அதைப் படித்த பிறகு, போரை விரைவில் முடித்துத் தால்மோரை எதிர்க்கும் வலிமையைச் சேமிக்கக்கூடியது பேரரசுதான் என்ற முடிவுக்கு நான் வந்தேன். அதே கோப்பைப் படித்துவிட்டு, உல்ஃப்ரிக்கின் மேல் இரக்கம் கூடி அவர் பக்கம் சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஏமாற்றம் தருவது போர்தான். கோட்டை கோட்டையாகப் பிடிப்பதைத் தவிர அதில் புதிதாக எதுவும் இல்லை. வென்ற பிறகு காவலர்களின் சீருடையும் சில நகரத் தலைவர்களும் மாறுவதோடு சரி.

கேள்வி: பார்த்தூர்நாக்ஸைக் கொல்லச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. கொல்லாவிட்டால் கதை முடியாதா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

முடியும்; தயங்காமல் அவரை விட்டுவிடுங்கள். உலக உச்சி என்ற மலைமுகட்டில் தனித்து வாழும் அந்த முதிய டிராகன் ஒரு காலத்தில், கதையின் முதன்மை எதிரியான அல்டுயின் என்ற டிராகனுக்கு வலதுகையாக இருந்து மனிதர்களை வதைத்தவர். பிறகு மனம் மாறி, டிராகன்களின் 'குரல்' வித்தையை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. டிராகன்களை வேட்டையாடும் பிளேட்ஸ் அமைப்பினர் பழைய குற்றத்துக்குத் தண்டனை கேட்கிறார்கள். நீங்கள் மறுத்தால் அவர்கள் உங்களுக்கு உதவுவதை நிறுத்திவிடுவார்கள். குவெஸ்ட் பட்டியலில் அந்தக் கட்டளை தீராமல் தங்கியிருக்கும். முதன்மைக் கதை அதனால் தடைபடாது.

நல்லவராகவே பிறப்பது மேலா, தீய இயல்போடு பிறந்து பெருமுயற்சியால் அதை வெல்வது மேலா என்ற கேள்வியை அவர் நம்மிடம் கேட்கிறார். டிராகனின் ஆன்மாவோடு பிறந்து, வழிநெடுகக் கொன்றுகொண்டே வந்த நம்மிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதில்தான் அதன் ஆழம் இருக்கிறது. இப்படிப்பட்ட காட்சிக்குப் பிறகு, 'நான் மறுக்கிறேன், இதோடு இந்தப் பேச்சை விடுங்கள்' என்று பிளேட்ஸ் தலைவி டெல்ஃபினிடம் உறுதியாகச் சொல்லி முடித்துவைக்க ஒரு வசனம்கூடத் தரப்படவில்லை என்பது பெரிய குறை. பல ஆட்டக்காரர்கள் இதைச் சொல்லி வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: 'ஒப்ளிவியன்' விளையாட்டில் சாதாரண வழிப்பறிக்காரன்கூட விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் அணிந்து வருகிறான். இது எப்படிச் சரியாகும்? (வாசகர், சென்னை)

2006-இல் வந்த அந்த நான்காம் பாகத்தில், நம் நிலை உயர உயர எதிரிகளின் வலிமையும் அவர்களுடைய ஆயுதங்களும் சேர்ந்தே உயர்கின்றன. எந்தத் திசையில் சென்றாலும் விளையாட முடிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டது அது. விளைவோ நேர்மாறானது: வளர்ந்ததற்கான அடையாளமே இல்லாமல் போய்விட்டது. பழைய பதிப்பில் திறன்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள், நிலை உயர்ந்தும் எதிரிகளைவிடப் பின்தங்கிப் போனார்கள்.

மோரோவிண்டில் பெரும்பாலான ஆபத்துகள் இடத்தோடு பிணைக்கப்பட்டவை. இன்று ஓடி வந்த குகைக்கு வலிமை சேர்த்துக்கொண்டு திரும்பிப் போய் வெல்லலாம். அந்த மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை. ஸ்கைரிம் நடுவழியை எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு பகுதிக்கும் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு. 2025 ஏப்ரலில் புதிய தோற்றத்தோடு வெளிவந்த 'ஒப்ளிவியன் ரீமாஸ்டர்ட்' பதிப்பில் நிலை உயரும் முறை திருத்தப்பட்டுள்ளது. புதிதாகத் தொடங்குவோர் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பூதங்கள் தடியால் அடித்தால் வானத்துக்குப் பறக்கிறேனே, இது பிழையா? (பள்ளி மாணவர், சேலம்)

இயற்பியல் கணக்கில் ஏற்பட்ட பிழைதான். வேடிக்கையாக இருக்கிறது என்று படைப்பாளர்களே அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்கைரிம் ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதால், பெற்றோரிடம் சொல்லிவிட்டு விளையாடுங்கள்.

கேள்வி: கதை முழுவதையும் முடித்துவிட்டேன். விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் 'மாட்' என்ற கூடுதல் கோப்புகளைச் சேர்க்கலாமா? எதில் தொடங்குவது? (வாசகர், கொழும்பு)

தாராளமாகச் சேர்க்கலாம். 2012 பிப்ரவரியில் பெத்தெஸ்டா 'கிரியேஷன் கிட்' என்ற கருவியை வெளியிட்டு, தாம் பயன்படுத்திய வசதிகளை ரசிகர்களின் கையில் கொடுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஸ்கைரிம் உயிரோடு இருப்பதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. சிலர் பிழைகளைத் திருத்தினார்கள், சிலர் பைப் பட்டியலைக் கணினிக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்தார்கள். டெல்ஃபினிடம் மறுத்துப் பேசும் வசனத்தைச் சேர்த்தவர்களும் உண்டு. ஒரு ஜெர்மானியக் குழு 2016-இல் 'எண்டெரால்' என்ற பெயரில் தனி நாடும் தனிக் கதையும் கொண்ட முழு விளையாட்டையே இதற்குள் கட்டியது. 'ஃபர்காட்டன் சிட்டி' என்ற மாட், ஒருவர் பாவம் செய்தால் ஊரே அழியும் என்ற ஒரே கருவை வைத்து எழுதப்பட்டது; அதன் வசனத்துக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது, 2021-இல் அது தனி விளையாட்டாகவும் வந்தது.

பிழைதிருத்த மாட்களில் தொடங்குங்கள்; ஒன்றைச் சேர்த்துச் சிறிது நேரம் விளையாடிப் பார்த்த பிறகே அடுத்ததைச் சேருங்கள். நடுவழியில் ஒரு மாட்டை நீக்கினால் பழைய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்பதால், சேவ் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்டெராலுக்குப் போகும்போது ஸ்கைரிமை அதே கோப்புறையில் கலக்காமல் தனியாக நிறுவுவது நல்லது.