வாரம் ஒருநாள் மாத்திரைக்குப் பதிலாக மீன் எண்ணெய் மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பூ கட்டுவதுதான் தொழில். இரண்டு வருஷமாகக் கைவிரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. விடிகாலையில் பூவோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்க மாட்டேன் என்கிறது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒருநாள் போட மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்ட மறுநாள் ஒரே குமட்டல். வலி தாங்காத நாளில் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு அக்கா, 'தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை போடு, எல்லாம் சரியாகும்' என்கிறார். மற்றதை நிறுத்திவிட்டு இதைப் போடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தாதீர்கள் அம்மா. மூட்டு அரித்துப்போகாமல் காப்பது அதுதான். மீன் எண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது.

ஆனால் அக்கா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நம் செல்களின் உறையில் அராகிடோனிக் அமிலம் என்றொரு கொழுப்பு இருக்கிறது. அதிலிருந்துதான் வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின், லூக்கோட்ரையீன் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. மீன் எண்ணெயில் உள்ள ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடிக்கும். பிறகு, கொழுப்பிலிருந்து இந்தப் பொருள்களை உண்டாக்கும் அதே நொதிகள் (என்சைம்கள்) வேலை செய்தாலும் வெளிவருவது வீரியம் குறைந்த சரக்குதான். இப்படி இடம் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்று போட்டு நாளைக் காலையில் விரலை மடக்கிப் பார்ப்பதில் பயனில்லை.

2007இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று நான்கு மாதம் எடுத்தவர்களுக்கு மூட்டுவலியும் காலை இறுக்கமும் குறைந்திருந்தன. வலி மாத்திரைத் தேவையும் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மருத்துவர்கள் புதிதாக முடக்குவாதம் வந்தவர்களுக்குக் கொடுத்தபோதும் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் மெத்தோட்ரெக்சேட்டும் சாப்பிட்டவர்கள்!

சிக்கல் அளவில்தான். பலன் தெரிய ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 2.7 கிராமாவது வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் இவை 300 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால் ஒன்பது மாத்திரை! அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதிலும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை என்றால் அப்படி அள்ளிப் போடவே கூடாது. வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப்போய் ஈரலைப் பாதிக்கும். மெத்தோட்ரெக்சேட்டுக்காக ஏற்கெனவே ஈரலைக் கண்காணிக்க வேண்டியவர் நீங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, பெரிய அளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

மீனாகவே சாப்பிட்டால் என்ன என்பீர்கள். தாராளமாக. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வரும் மத்தி, கானாங்கெளுத்தி இரண்டும் ஒமேகா-3 நிறைந்தவை, விலையும் கட்டுப்படியாகும். கொழுப்பேறிய மத்தியில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல்கூடக் கிடைக்கும். எண்ணெயில் முறுக வறுக்காமல் குழம்பாக வையுங்கள். கண்மாய்க் கெண்டையிலும் ஜிலேபி மீனிலும் இது குறைவு. (அயிரை மீன் குழம்பை நான் குறை சொல்லமாட்டேன்; மதுரையில் குடியிருக்க வேண்டுமே!) வாரம் இரண்டு மூன்று நாள் மீன் உடம்புக்கு நல்லது, ஆனால் ஆய்வுகளில் கொடுத்த அளவை அது எட்டாது.

உங்களை நிறுத்தத் தூண்டுவது குமட்டல்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் கேட்காவிட்டால் ஊசியாக மாற்றலாம். குமட்டலைக் குறைக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்களா, அதை எந்த நாளில் போடுகிறீர்கள் என்பதையும், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையின் பெயரையும் அடுத்த முறை போகும்போது மறக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.